உப்புத்தாள் பட்ட இடம்

ராயபுரம்
24 ஆகஸ்ட் 2025

தங்கச்சி ஆன்சிக்கு,

அண்ணன் இக்னேஷியஸ் எழுதுவது. கிழிக்காமல் படி. கிழித்தே ஆக வேண்டுமென்றால் படித்துவிட்டுக் கிழி.

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். உன் அண்ணி போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் அடைத்தாய். கீழ்வீட்டு பியூட்டி பார்லர் ரிஃபானாவின் போனைக் கெஞ்சி வாங்கிக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்றாய். நாற்பத்து நான்கு வருடமாகக் கூடப் பிறந்தவனை ராங் நம்பர் என்று சொன்ன தங்கச்சி இந்தக் கடற்கரையிலேயே நீ ஒருத்திதான். தபாலை அடைக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ராயபுரத்துக்கும் நெட்டுக்குப்பத்துக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. இதற்குக் கவர் வாங்கினால் தபாலாபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்க்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். "எங்க வூட்ல ஒழுவுது, உன் மாடில வெச்சிக்கோ" என்று ஜூலையில் நீதான் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். இரண்டடிக்கு ஒன்றரையடிப் பலகை. பழைய போர்வை போட்டு மூடி பத்திரமாகத்தான் வைத்தேன். ஆகஸ்டில் ஒருநாள் போர்வையைத் தூக்கிப் பார்த்தால் பலகை முழுக்க விரிசல். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், சில இடத்தில் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. என் மாடிச் சூட்டில்தான் கெட்டுவிட்டது, ஆன்சி வந்தால் என்ன சொல்வேன் என்று பயந்துவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லாப் படகும் கடலுக்குப் போயாச்சு. கை சும்மா இருந்தது. படகில் விரிசல் தெரிந்தால் நான் என்ன செய்வேன்? பட்டி வைப்பேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், கலர் அடிப்பேன். முப்பத்திரண்டு வருடமாகக் காசிமேட்டில் அதைத்தான் செய்கிறேன். விரிசலோடு ஒரு படகையும் நான் தண்ணீரில் இறக்கியதில்லை. அதே மாதிரி உன் படத்துக்கும் செய்தேன். கேபினுக்கு அடித்து மிச்சமிருந்த ஆகாய நீலம், இரண்டு கோட். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு.

உன் அண்ணி மேரி அப்போதே சொன்னாள்: "இன்னாய்யா பண்ணி வெச்சிக்கிற? அந்தப் பொண்ணு வந்து பாத்தா உன் தோலை உரிச்சி உப்புக்கண்டம் போட்டுடும்." நான் கேட்கவில்லை. நீ வந்தாய், பார்த்தாய், தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டாய். திட்டியிருந்தால் பரவாயில்லை. நீ திட்டாமல் போனது இதுதான் முதல் தடவை.

என்ன தப்பு என்று எழுது. சரிசெய்து தருகிறேன்.

உன் அண்ணன்
இக்னேஷியஸ்


நெட்டுக்குப்பம்
30 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

அது கெட்டுப்போகவில்லை. அப்படித்தான் வரைந்தேன்.

விரிசல் தானாக வந்ததில்லை, நான் வரவைத்தது. இங்கே தினமும் காலையில் ஜன்னல் கட்டையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். எல்லோரும் துடைத்துக் கொட்டுவார்கள். நான் வழித்து டப்பாவில் சேர்ப்பேன். பசையைக் கூடப் போட்டால் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும், குறைத்துப் போட்டால் உதிர்ந்துவிடும். நடுவில் ஒரு பக்குவம் இருக்கிறது, அதில்தான் வெடிக்கும். கழிமுகத்துச் சேறு கோடையில் வெடிக்குமே, அந்த மாதிரி. அந்தப் பக்குவத்துக்குப் பதினோரு பலகை கெடுத்தேன். பன்னிரண்டாவது நீ நீலம் அடித்தது.

இரண்டு வருட வேலை. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை பூச்சு என்று எனக்கே எண்ணிக்கை இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு ஓவிய அரங்கில் வடசென்னை ஆட்கள் ஐந்து பேரின் படத்தை வைக்கிறார்கள், அக்டோபர் பதினொன்று முதல். அங்கன்வாடியில் ஆயா வேலை பார்க்கிறவளுடைய படத்தை போட்டோவில் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள். என் பெயரில் ஒரே ஒரு படம். இப்போது நான் எதைத் தூக்கிக்கொண்டு போவேன்? பீரோ கதவு மாதிரி ஒரு நீலப் பலகையையா?

நீ தெரியாமல் செய்தாய் என்று என் வீட்டுக்காரர் பிராங்கிளின் சொல்கிறார். தெரியாமல்தான் செய்தாய். ஆனால் அண்ணா, எதன் மேலேயும் ஒரு கோட் அடித்துப் பளபளப்பாக்குவது உன் தொழில் மட்டும் இல்லை. எண்ணெய் வந்த அந்த டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்து படகு, வலை எல்லாம் தார் பூசின மாதிரி கிடந்தது. அவர் வலையை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். நீ வந்தாய். "இன்னா மாப்ள, தாளிக்கிறதுக்கு எண்ணெய கடலே குடுத்துச்சா?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பினால் நீ இல்லை, போய்விட்டாய்.

படத்தைத் தொடாதே. சரிசெய்கிறேன் என்று இனிமேல் எதுவும் செய்யாதே.

ஆன்சி


ராயபுரம்
3 செப்டம்பர் 2025

ஆன்சிக்கு,

உன் கடிதத்தை மேரி எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டி நானே ஒரு தடவை படித்தேன். அந்த டிசம்பர் விஷயத்துக்கு இப்போது பதில் எழுத வரவில்லை. எழுத ஆரம்பித்தால் வேறு எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. ஓவியம் உனக்குத் தெரியும், எனாமல் எனக்குத் தெரியும். நான் அடித்த நீலம் இன்னும் இளசு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாண்டினால் கல் மாதிரி ஆகிவிடும், அப்புறம் எடுத்தால் கீழே இருக்கிற உன் சாம்பலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். இப்போது எடுத்தால் எடுக்கலாம்.

தின்னர் ஊற்ற மாட்டேன், அது உள்ளே இறங்கி எல்லாவற்றையும் கரைக்கும். படகுக்குக் காட்டுகிற நெருப்பு விளக்கையும் காட்ட மாட்டேன். ரிஃபானா பார்லரில் தலைமுடி காயவைக்கிற மெஷின் இருக்கிறதே, அந்தச் சூடு போதும். ஒரு கதவுத் துண்டில் சாம்பல் பூசி, மேலே நீலம் அடித்து, மறுநாள் எடுத்துப் பார்த்தேன். தோல் உரிகிற மாதிரி வந்தது. ரிஃபானா நின்று பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, பலகைக்கு பேசியல் பண்றியா? புருவம் எடுக்கணும்னா சொல்லு" என்கிறாள்.

உன் படத்தைத் தொடவில்லை. நீ சொல்லாமல் தொட மாட்டேன். ஆனால் சீக்கிரம் சொல்லு.

இக்னேஷியஸ்


நெட்டுக்குப்பம்
8 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

மூன்று நாள் யோசித்தேன். வேறு வழியும் தெரியவில்லை.

காலையில் ஒரு உள்ளங்கை அளவு, சாயங்காலம் ஒரு உள்ளங்கை அளவு. அதற்கு மேல் ஒரு விரல்கூடப் போகாதே. மெஷின் எதையும் தொடாதே, அந்த முடி உலர்த்தி தவிர. உப்புத்தாள் கண்ணிலேயே படக் கூடாது.

உரித்த இடத்தில் என்ன தெரிகிறது என்று எனக்கு எழுத வேண்டும். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று எழுதாதே. என்ன தெரிகிறதோ அதை எழுது.

நான் வந்து பார்க்க மாட்டேன். அந்த நீலத்தை இன்னொரு தடவை பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

ஆன்சி

அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?


ராயபுரம்
14 செப்டம்பர் 2025

ஆன்சிக்கு,

மேரிக்கு முழங்கால் தேவலை. என்னைத் துரத்துகிற அளவுக்கு ஓடுகிறாள்.

மேல் இடது மூலையில் ஆரம்பித்தேன். என்ன தெரிகிறதோ அதை எழுது என்றாய். எழுதுகிறேன். சிரித்தால் அது உன் பாடு.

முதல் உள்ளங்கை: சாம்பல் நிறம். கெளுத்தி மீன் வயிறு மாதிரி. நடுவில் வெள்ளைக் கோடுகள், அது உன் விரிசலுக்குள் போன என் பட்டி. கோணி ஊசியால் நோண்டி எடுத்தேன், ஆழமான இடத்தில் வர மறுக்கிறது.

மூன்றாவது: அதே சாம்பல், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். சாயங்காலம் பார்த்தபோது இருந்தது, மறுநாள் காலையில் பார்த்தால் இல்லை. சாயங்காலம் மறுபடி வந்துவிட்டது. மாடி ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரிகிறது. இதை நீ தெரிந்து செய்தாயா, இல்லை எனக்குக் கண் புரை விழுகிறதா?

ஐந்தாவது: வலைத் துண்டு. உள்ளே ஒட்டியிருக்கிறாய். கண்ணி தெரிகிறது, நூல் தெரியவில்லை. இதைத்தான் நான் தேய்த்துத் தேய்த்து மட்டம் பண்ணியிருக்கிறேன். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டாவது: கறுப்பு. பெயின்ட் கறுப்பு இல்லை. எனக்குக் கறுப்பு பெயின்ட்டில் எத்தனை வகை இருக்கிறதோ அத்தனையும் தெரியும். இது ஏதோ துணி, சாம்பல் ஓரிடத்தில் விட்டுப்போய் அது எட்டிப் பார்க்கிறது. சூடு காட்டினதும் வாசனை வந்தது. மெஷினை அணைத்துவிட்டு ரிஃபானாவிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

அது என்னது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீயே சொல்லு.

இன்னொன்று. மாப்பிள்ளை காசிமேட்டில் என்னைப் பார்த்தார். என் கடிதத்தைப் படித்து நீ சிரித்ததாகச் சொன்னார். மறுக்காதே, எந்த வரியில் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

இக்னேஷியஸ்


நெட்டுக்குப்பம்
19 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை. இருமினேன்.

அந்த மஞ்சள் தெரிந்து செய்ததுதான். உனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அரங்கத்து ஆட்கள்கூட அதைக் கவனிக்கவில்லை. நீதான் முதலில் பார்த்தாய்.

கறுப்பு அவருடைய வேட்டி. அந்த டிசம்பரில் படகைத் துடைக்க ஒரு கிழிந்த வேட்டியைக் கொடுத்தேன். துடைத்து முடித்ததும் எரிக்கக் கொடுத்தார். நான் எரிக்கவில்லை, எடுத்து ஒளித்து வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. இரண்டு மாதம் கழித்து பலகையில் ஒட்டினேன். அதுவரைக்கும் அந்தப் பலகை வெறும் விளையாட்டு. அன்றைக்குத்தான் படமானது.

அதன் மேல் சாம்பல். சாம்பல் மேல் கொஞ்சம் பச்சை வரும், பார். போன வருடம் ஜூலையில் அவர் வலையில் மறுபடி நண்டு விழுந்தது. ஏழே ஏழு. சமைக்க மனசு வராமல் வாளியில் போட்டு நானும் அவரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அன்று வைத்த பச்சை. அதற்கும் மேலே சிப்பித் தூள், அப்புறம் மறுபடி சாம்பல். சாம்பல் எப்போதும் உண்டு. அது தினமும் வருகிறதே.

உன் கடிதத்தையும் அதற்கப்புறம் நீ போட்ட தபால் கார்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் முடிந்தது, மேலே முடிந்தது, நடுவில் இருக்கிறாய். வலது கீழ் மூலைப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாயே, ஏன்? அங்கேதான் மேடு. எல்லாப் பூச்சும் கெட்டியாக இருக்கிற இடம். முதலில் நீ அங்கேதான் போயிருப்பாய் என்று நினைத்தேன்.

ஆன்சி


ராயபுரம்
25 செப்டம்பர் 2025

ஆன்சி,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. தேடாதே.

ஆகஸ்டில் அந்த மூலை மேடு கைக்கு மசியவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போனது. டிரில்லிங் மெஷினில் வட்ட உப்புத்தாளைப் பூட்டி ஓட்டினேன். கண் மூடித் திறக்கிற நேரம்தான். பலகை தெரிந்துவிட்டது. ஒரு அடுக்குகூட மிச்சமில்லாமல் அடிவரைக்கும் போய்விட்டேன். உடனே அதன் மேல் நீலத்தை அடித்து மூடிவிட்டேன். மேரிக்குக்கூடத் தெரியாது. விரிசல் இருந்தது, சரிசெய்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. இந்த இடத்தை நான் சரிசெய்யவில்லை. மறைத்தேன். எதன் மேலேயும் ஒரு கோட் அடிப்பவன் என்று நீ எழுதினது சரிதான்.

அந்த டிசம்பரில் நான் ஏன் போய்விட்டேன் என்று சொல்கிறேன். மாப்பிள்ளை வலையை வெட்டுகிற கத்தி, நான் பெயின்ட் சுரண்டக் கொடுத்த கத்தி. அதைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன், சிரித்தீர்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் எனக்கும் சிரிப்பு இருந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். வரவில்லை. நான் அழுது நீ பார்த்ததில்லையே, அதைப் பார்க்க விட எனக்குக் கூச்சம்.

நேற்று அந்த மூலையில் நீலத்தை உரித்தேன். இல்லாத இடத்தில் என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். என்ன தெரிகிறதோ அதை எழுதுகிறேன்.

நடுவில் எட்டணாக் காசு அளவுக்கு வெறும் மரம். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். அதைச் சுற்றிச் சாம்பல். அப்புறம் நூல் மாதிரி மெல்லிசாகக் கறுப்பு. மறுபடி சாம்பல். அப்புறம் பச்சை, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். அப்புறம் வெள்ளை, அதில் சிப்பி மினுக்குகிறது. கடைசியில் வெளிச் சாம்பல். எல்லாம் சேர்ந்து ஒரு கை அகலம். வட்டமாகவும் இல்லை, கோணலாக இருக்கிறது. கல் போட்டால் தண்ணீர் விரியுமே, அது பாதியில் நின்ற மாதிரி.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு. என் டப்பாவிலிருந்து வந்தது. இல்லையா?

இன்னும் இரண்டு உள்ளங்கை நீலம் மிச்சம் இருக்கிறது. அந்த மூலைக்குப் பக்கத்தில். நான் நிறுத்திவிட்டேன். இனி நீ வந்து பார்க்காமல் கை வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன். பூசை முடிந்ததும் காசிமேட்டுக்குப் போய்விடுவேன். மேரி இருப்பாள். வா.

இக்னேஷியஸ்


நெட்டுக்குப்பம்
1 அக்டோபர் 2025

அண்ணா,

வந்தேன். உன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. செருப்பில்லாமலா காசிமேட்டுக்குப் போனாய்? சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அண்ணியிடம் கேட்டேன். "எலி கீது. ரொம்பப் பெரிய எலி" என்றாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் அழுகை வந்தது, ஒளிக்க மாட்டேன். என் படம் இல்லை அது. மேடெல்லாம் மட்டமாகிவிட்டது. விரிசலில் உன் பட்டி வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. கையால் தடவினால் நான் வைத்த சொரசொரப்பு பாதிதான் இருக்கிறது.

அப்புறம் அந்த மூலையைப் பார்த்தேன்.

சிவப்பு உன்னுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், "இந்தா, வூட்டு கேட்டுக்கு அடி, இல்லாங்காட்டி மாப்ள தலைக்கு அடி" என்று அரை டப்பா கொடுத்தாயே. பலகையில் அடிப்பூச்சாகப் பூசியிருந்தேன். பூசினது எனக்கே மறந்துபோயிருந்தது. அதன் மேல் எத்தனையோ பூசினேன், ஆனால் பூசினவள் நான்தான் என்றாலும் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் நான் பார்த்ததே இல்லை. மேலே மேலே போடப் போடக் கீழே இருப்பது மறைந்துகொண்டே போகும், அப்படித்தானே. இந்த இரண்டு வருடமும் ஒரு கை அகலத்தில் கோணலாகக் கிடக்கிறது. வேட்டி இருக்கிறது, ஏழு நண்டு இருக்கிறது. நான் உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தால் இப்படி வந்திருக்காது. உன்னைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ செய்தது அநியாயம்தான். வந்திருப்பது அழகு. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் இருக்கிற நீலத்தை எடுக்காதே. அந்தப் பலகையில் நடந்ததெல்லாம் இருக்கிறது. இந்த ஆகஸ்டும் நடந்ததுதானே.

பத்தாம் தேதி காலையில் பிராங்கிளின் வேன் எடுத்துக்கொண்டு வருவார். போர்வை சுற்றிக் கொடு. கொடுக்கும்முன் துடைக்காதே, மெருகு போடாதே, ஒன்றும் செய்யாதே.

திறப்பு நாளில் நீ வர வேண்டாம். உன் வாய் சும்மா இருக்காது. திங்கட்கிழமை போய்ப் பார்.

ஆன்சி


ராயபுரம்
14 அக்டோபர் 2025

தங்கச்சிக்கு,

பெரிய எலி எழுதுவது.

நேற்று நுங்கம்பாக்கம் போய் வந்தேன். கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேரியும் வந்தாள். உள்ளே ஏசி. எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார்கள்.

உன் படம் இடது பக்கச் சுவரில் தனியாக இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், அந்த மஞ்சள் தெரிகிறது. என் மாடியில் தெரிந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான், இருந்தாலும் தெரிகிறது. வருகிறவர்கள் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள், அப்புறம் ஒவ்வொருவராக அந்த மூலைக்கு வந்து குனிகிறார்கள். நான் பார்த்த ஒரு மணி நேரத்தில் குனியாமல் போனவர் ஒருவர்கூட இல்லை. இடுப்பு வலிக்காரர் ஒருவர்கூடக் குனிந்தார்.

கண்ணாடி போட்ட ஒரு பெண், காலேஜ் படிக்கும் போலிருக்கிறது, என்னைப் பார்த்து, "அங்கிள், இந்த எடத்த எப்படிப் பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டது. சொல்ல வாய் வந்துவிட்டது. மேரி காலை மிதித்தாள். "பயந்துகினே பண்ணியிருப்பாங்கம்மா" என்றேன். அந்தப் பெண் ஏதோ பெரிய விஷயம் கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டது.

படத்துக்குப் பக்கத்தில் சின்ன அட்டை ஒட்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் பெயர், நெட்டுக்குப்பம், 2023 – 2025. அதற்குக் கீழே எதையெல்லாம் வைத்துச் செய்தது என்று போட்டிருக்கிறாய். சாம்பல், பசை, வலை, வேட்டித் துணி, சிப்பித் தூள், ரெட் ஆக்சைடு. வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி இரண்டு: பட்டி, படகு எனாமல்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. காவலுக்கு நின்ற பையன் வந்து, "தொடக் கூடாதுபா" என்றான். "என் பெயின்ட்டுபா அது" என்றேன். அவன் நம்பவில்லை. மேரி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், எல்லோரும் பார்க்கிற இடத்தில். ஏசி போட்ட இடத்தில் எனக்கு எதற்கு வியர்க்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். வியர்வை இல்லை. இனி உன்னிடம் மறைக்கிறதாக இல்லை.

வெளியே வந்து பழக்கத்தில் போனை எடுத்து உன் நம்பரை அழுத்தினேன். அடைத்திருப்பாய் என்று தெரியும், சும்மாதான் அழுத்தினேன். ரிங் போனது. முழுசாக இரண்டு ரிங். பயத்தில் கட் பண்ணிவிட்டேன்.

எப்போது திறந்தாய் என்று நான் கேட்க மாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீயே கூப்பிடு. நான் எடுத்து "ராங் நம்பர்" என்று சொல்வேன். ஒரு தடவைதான். அதற்குள் வைத்துவிடாதே.

உன் அண்ணன்
இக்னேஷியஸ்